பெரிய சாருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது

எங்கள் வட்டாரத்தில் என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு மே மாதத்தில்தான் பிறந்தநாள் வரும். ஜூனில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கையைப் பிடித்து இழுத்து வருவார்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். விரல் காதில் பட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது. தேதி என்று ஒன்று எழுத வேண்டுமே, அதற்கு மே மாதத்தில் ஏதோ ஒரு நாளைப் போட்டுக்கொள்வார். அந்தத் தேதிதான் மாற்றுச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் என்று கடைசிவரை கூடவே வரும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் பிறந்த தேதி ஐப்பசி, தை, பங்குனி என்று வருஷம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். அதற்குக் காரணம் பெரிய சார்.

பெரிய சார் என்றால் ஹெட்மாஸ்டர். புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூர்ப் பக்கம், நார்த்தாமலைக் குன்றுகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கிருந்த ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு அவர்தான் எல்லாம். ஒல்லி உடம்பு, நாலு முழ வேட்டி, மேல் பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை, வெயிலானாலும் மழையானாலும் கக்கத்தில் குடை. அறந்தாங்கிப் பக்கம் கிழக்குச் சீமையிலிருந்து வந்தவர். அவர் என்ன ஆளுக என்று ஊர் கடைசிவரை விசாரித்துக்கொண்டே இருந்தது. கேட்டவர்களிடம், "வாத்தியார் ஆளுக" என்று சொல்லிவிட்டு மூக்குப்பொடி டப்பாவைத் திறப்பார். அவர் பெயரைச் சொல்லி ஊரில் யாரும் கூப்பிட்டதில்லை, நானும் எழுதவில்லை.

அவரிடம் நீளமான கட்டு நோட்டு ஒன்று இருந்தது. சேர்க்கைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் அதையும் விரித்து வைத்துக்கொள்வார். அதில் நடந்த சம்பவங்களையும் தேதிகளையும் வரிசையாக எழுதியிருந்தார். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி. புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது 1974 பொங்கலன்று. காமராசர் இறந்தது 1975 அக்டோபர் 2. திருச்சியை வெள்ளக்காடாக்கிய புயல் 1977 நவம்பர். சூரிய கிரகணம் 1980 பிப்ரவரி 16. இவற்றுக்கு நடுவே உள்ளூர்க் கணக்கு: கண்மாய் உடைந்தது, அம்மன் கோவில் கும்பாபிஷேகம், பெரிய வீட்டுக் கல்யாணம். அந்தப் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருப்பார். கோட்டுக்கு அந்தப் பக்கம் காலனிக்காரர்களுக்கான கணக்கு. காலனிக்குக் கிணறு வெட்டியது, கூரைகள் தீப்பிடித்தது, குவாரியில் வெடி வைக்கும்போது இரண்டு பேர் செத்தது. கும்பாபிஷேகம் நடந்த அன்று கோவிலுக்குள் விடப்படாதவர்களிடம் போய், பிள்ளை கும்பாபிஷேகத்துக்கு முந்தியா பிந்தியா என்று எப்படிக் கேட்பது? ஒன்றியத்திலிருந்து அப்படி ஒரு நோட்டுப் போடச் சொல்லி எந்த உத்தரவும் வரவில்லை. அவராகப் போட்டது.

என்னைச் சேர்க்கக் கூட்டிப்போனது அப்பத்தா. நடந்ததில் பாதி எனக்கு நினைவு, மீதி அப்பத்தா பிறகு சொல்லிச் சொல்லி நினைவானது.

"கிரகணத்தன்னைக்கு இவ கைப்பிள்ள சார். கதவ அடைச்சுக்கிட்டு எல்லாரும் உள்ளயே கெடந்தோம்."

"தல நின்னுச்சா?"

"நின்னுச்சு. கவுந்து படுக்க ஆரம்பிச்சிட்டா."

"அப்ப மூணு, நாலு மாசம். பொறந்தப்ப மழையா, வெயிலா?"

"மழையா? அடமழை. மருத்துவச்சிய ஓடையத் தாண்டித் தூக்கிட்டுல்ல வந்தாக."

இப்படியே தீபாவளிக்கு முந்தி, அமாவாசை கழித்து என்று இழுத்து இழுத்து 1979 அக்டோபரில் ஒரு தேதியைப் பிடித்தார். அது அச்சு அசலாகச் சரி என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் ஒரு கிழவியையும் ஒரு சிறுமியையும் உட்காரவைத்து அரைமணி நேரம் கேள்வி கேட்டு எழுதிய தேதி அது. எனக்குப் பின்னால் காலனிப் பையன் ஒருவன் அவன் ஆத்தாவோடு நின்றுகொண்டிருந்தான். அந்த அம்மாவுக்கும் அதே அரைமணி நேரம். எங்களை எழுந்திருக்கச் சொல்லாமல், அதே பெஞ்சின் மறு கோடியைக் காட்டி, "உக்காருங்க, நிக்காதீங்க" என்றார். அந்த அம்மா உட்காரவில்லை. அவர் உட்காரும்வரை சாரும் பேனாவை எடுக்கவில்லை. ஏழு வயதுப் பொடியன் அறுபது வயது ஆளை வாடா போடா என்று கூப்பிடுகிற ஊர் அது. அப்பத்தா வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சாரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

சார் மேடையில் பேசி நான் கேட்டது குறைவு. சுதந்திர தினத்தன்று கொடியேற்றிவிட்டு இரண்டு வார்த்தை பேசுவார், மிட்டாய் கொடுக்கச் சொல்லிவிடுவார். சாதி கூடாது, எல்லாரும் சமம் என்று வகுப்பில் போதித்ததாகவும் நினைவில்லை. அது பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சடித்தே இருந்தது, யாரும் அதைப் படித்துத் திருந்தவில்லை. அவர் வழி வேறு. ஒருத்தருக்கு ஒருத்தர் கை கொடுக்காமல் காரியம் நடக்காது என்கிற மாதிரி எதையாவது ஏற்பாடு பண்ணி வைத்துவிட்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லாத ஆள்போல நகர்ந்துவிடுவார்.

அடிபம்பு அப்படி ஒரு ஏற்பாடு. எனக்கு முந்திய காலத்தில் பள்ளிக்கூடத்தில் மண்பானையும் இரண்டு தம்ளரும் இருந்தனவாம். எந்தத் தம்ளர் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய சார் வந்ததும் முதலில் தம்ளர்கள் இரண்டையும் எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். பானையிலிருந்து மொண்டு ஊற்றுகிற வேலையை ஊர்ப் பையன்களே எடுத்துக்கொண்டார்கள், உயரத் தூக்கி ஊற்றினார்கள். அதையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீரனூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடையாய் நடந்து பள்ளிக்கூட வாசலில் ஆழ்துளைக் குழாயோடு அடிபம்பு ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தார். பானை போயிற்று. ஒரே ஒரு விதி போட்டார்: குடித்தவர் அடுத்தவருக்கு அடிக்க வேண்டும். வரிசையில் உனக்கு முன்னால் நிற்கிறவன் உனக்கு அடிப்பான், நீ குடித்துவிட்டு உனக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு அடிப்பாய். வரிசை உயரப்படி. அந்த வரிசையில் தெரு பார்த்து நிற்க முடியாது.

ஊரிலிருந்து இரண்டு பேர் வந்து சத்தம் போட்டார்கள். "தனியா அடிச்சுத் தனியாக் குடிக்க முடிஞ்சாக் குடிச்சுக்கட்டும், நா ஒண்ணும் தடுக்கலியே" என்றாராம். முடியவும் செய்யும். கைப்பிடியை நாலு தடவை வேகமாக அழுத்திவிட்டு ஓடிப்போய்க் கையேந்தினால் இரண்டு மடக்குக் கிடைக்கும், மூன்றாவது மடக்குக்கு மறுபடி ஓட வேண்டும். நாங்களும் ஓடிப் பார்த்தோம். சட்டையெல்லாம் நனைந்ததுதான் மிச்சம். தாகம் எடுத்த பிள்ளைகள் கடைசியில் வரிசைக்கே வந்தோம்.

சாரைத் தெய்வமாக்கிவிட எனக்கு ஆசையில்லை. அடிப்பார். புளியவிளார் எப்போதும் மேஜை இழுப்பறையில் இருக்கும். வாய்ப்பாடு தப்பினால் உள்ளங்கையில் இரண்டு. அந்தக் காலத்தில் எல்லா வாத்தியாரும் அப்படித்தான் என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு இன்றைக்கும் அது ஒப்பவில்லை. அறிவியல் பாடத்தைப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே வாசித்துவிட்டுப் போய்விடுவார். தமிழும் வரலாறும் நடத்தும்போதுதான் ஆள் மாறுவார். முத்துலட்சுமி ரெட்டியின் கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த பெண், பையன்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேரப் போனது, சேர்த்தால் எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று பெற்றவர்கள் கிளம்பியது, ராஜா சேர்த்துக்கொள்ளச் சொன்னது, 1912இல் அவர் டாக்டரானது, 1927இல் சட்டசபைக்குப் போனது. "நம்ம புதுக்கோட்டை" என்பதில் ஓர் அழுத்தம் கொடுப்பார். பக்கத்தில் பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊரில் நடந்த சங்கதி என்பதால் எங்களுக்கும் அது கதையாகத் தெரியவில்லை.

சோற்றுக்கு வருகிறேன். சார் வேலைக்குச் சேர்ந்தது 1957இல், காமராசர் மதிய உணவு தொடங்கிய மறு வருஷம். எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தது 1982 ஜூலையில். நான் படிக்கும்போது காலனிப் பிள்ளைகள் தட்டோடு வருவார்கள், நாங்கள் மத்தியானம் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சாப்பிட்டு வருவோம். சத்துணவு சாப்பிடுவது கௌரவக் குறைச்சல் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். உண்மையில் எங்கள் வீட்டுக் கம்மங்கூழைவிடச் சத்துணவுச் சாம்பார் நன்றாகவே மணக்கும். சார் ஒரு நாளும் எங்களைச் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டதில்லை. 1989இல் கலைஞர் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று அறிவித்தார். முதல் முட்டை நாளன்று ஊர்த் தெருப் பிள்ளைகள் எல்லாருடைய பையிலும் ஒரு தட்டு இருந்தது. சார் வரிசையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உயரப்படி நிற்கவைத்தார். முட்டைக்கு என்று வந்தவர்கள் மற்ற நாளும் வரத் தொடங்கினோம். என் தம்பி இரண்டாவது முட்டைக்காகப் பக்கத்தில் இருந்த காலனிப் பையனோடு கோலி பந்தயம் கட்டித் தோற்று, தன் முட்டையையும் கொடுத்துவிட்டு அழுதுகொண்டு வந்தான். அப்பத்தாவிடம் முட்டை போன கதையைச் சொன்னால் சாப்பிட்ட கதையும் வெளியே வரும் என்பதால் வயிற்றுவலி என்று சொல்லிச் சமாளித்தோம்.

அதே வருஷம் வந்த இன்னொரு திட்டம் என் தலையெழுத்தையே மாற்றியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம்: எட்டாம் வகுப்புவரை படித்த ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது ஐயாயிரம் ரூபாய். எங்கள் தெருவில் ஐந்தாவது முடிந்ததும் பெண் பிள்ளைகளைக் கடலை ஆயவும் ஆடு மேய்க்கவும் நிறுத்திவிடுவார்கள். சார் தெருத்தெருவாக வந்தார். படிப்பின் அருமை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "ஆத்தா, ஐயாயிரத்துக்கு இன்னைக்கு என்ன வாங்கலாம்?" என்று கேட்டார். அப்பத்தா கணக்குப் போட்டாள். பசு மாடு எத்தனை, நகை எவ்வளவு என்று வாய்விட்டே போட்டாள். "இன்னும் மூணு வருசம். அஞ்சாவதோட நிறுத்துனா ஒரு காசு கெடையாது" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னோடு ஆறாவதில் ஒன்பது பெண்கள் இருந்தோம். எனக்கு முந்திய வகுப்பில் இரண்டே பேர். எட்டாவது முடித்த பிறகு நாங்கள் சிலர் கீரனூர் உயர்நிலைப் பள்ளிக்குப் போக அடம் பிடித்ததற்கு அந்த ஐயாயிரம் காரணமில்லை, ஆனால் அந்த ஐயாயிரம் இல்லாமல் அடம் பிடிக்கிற வயது வரைக்கும் வந்திருக்க மாட்டோம். சமூக சீர்திருத்தத்துக்கு இந்த வழி சரியா என்று பின்னாளில் கல்லூரியில் பட்டிமன்றம் போட்டார்கள். பேசியவர்கள் யாரும் கடலை ஆய்ந்து பார்த்ததில்லை.

பழைய மாணவர்கள் சேர்ந்து சாருக்கு நினைவு மலர் போடுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதிக்கொண்டே போகிறேன், வெட்டிக்கொள்ளட்டும். மலர்க் குழுவில் ஒருவர் சார் வாங்கிய விருதுகளின் பட்டியல் கேட்டார். சாருக்கு நல்லாசிரியர் விருது கிடைக்கவில்லை. அந்த விருதுக்குத் தன்னைப் பற்றித் தானே விண்ணப்பம் எழுதி, ஆதாரங்களை இணைத்து மேலே அனுப்ப வேண்டும். ஊரில் இருந்த அத்தனை பேருக்கும் முதியோர் பென்ஷன் மனுவிலிருந்து பட்டா மாறுதல் மனுவரை எழுதிக் கொடுத்தவர் இந்த ஒன்றை எழுதவில்லை.

அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தது 1991இல். அதற்கு முந்தின வருஷம் கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் முழுதும் எழுத்தறிவு பெற்றுவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் கலைப்பயணம் வந்து எங்கள் மந்தையில் நாடகம் போட்டார்கள். புதுக்கோட்டையில் அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். கலெக்டர் ஆபீசிலிருந்து கடைக்கோடிக் கிராமம்வரை எல்லோரும் பலகையும் பலப்பமுமாக அலைந்த காலம் அது. படித்தவர்கள் தொண்டர்களாக வந்து சொல்லித்தர வேண்டும், சம்பளம் கிடையாது. ஊரில் பத்தாவது தாண்டிய பெண்களைத் தேடியபோது அதிகம் பேர் அகப்படவில்லை. அகப்பட்டவர்களில் ஒருவர் காலனி அக்கா. பெரிய சாரிடம் எட்டாவது படித்து, கீரனூருக்கு நடந்தே போய்ப் பத்தாவது பாஸ் ஆனவர். பத்தொன்பது, இருபது வயதிருக்கும்.

எங்கே வைத்து நடத்துவது என்று பேச்சு வந்தது. எங்கள் தெருவுக்கு எங்கள் தெருவில், காலனிக்குக் காலனியில் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். சார், "விளக்கு ஒண்ணுதான் இருக்கு" என்றார். இரண்டு அரிக்கேன் விளக்குகள் ஆபீஸ் ரூமில் இருந்தது எனக்குத் தெரியும், தினமும் துடைத்தவள் நான். ஆகவே பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலேயே வகுப்பு. காலனிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க எங்கள் தெருவிலிருந்து ஒரு சித்தி, எங்கள் தெருக்காரர்களுக்கு அந்த அக்கா. இந்த மாற்றல் எப்படி வந்தது என்று கேட்டவர்களிடம், பெயரை அகர வரிசைப்படி எழுதினேன், அப்படி அமைந்துவிட்டது என்று சொன்னார். அகர வரிசையில் அப்படி அமையாது என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும்.

அம்மா படிக்கக் கிளம்பினாள். மருமகளைப் பொழுது சாய்ந்தபின் தனியாக அனுப்ப மனசில்லாமல் அப்பத்தா காவலுக்கு வந்தாள். திட்டத்தின் வயதுக் கணக்கில் அவள் வரவே மாட்டாள். தாழ்வாரத் தூணில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தவளின் மடியில் சார் ஒரு பலகையை வைத்துவிட்டுப் போனார்.

பெரியவர்களுக்கு 'அ'வில் தொடங்கவில்லை. கோடு போட்டாலே வந்துவிடுகிற 'ட', 'ப' முதலில். மேலிருந்து ஒரு கோடு, பக்கவாட்டில் ஒரு கோடு, 'ட' ஆகிவிட்டது. அம்மாவுக்கு உடனே வந்தது. அப்பத்தாவின் விரல்களுக்கு அரிவாளும் களைக்கொத்தும் பழக்கம், பலப்பம் நிற்கவில்லை. பிடித்த பிடியில் இரண்டாக ஒடிந்தது. இன்னொன்று கொடுத்தார்கள், கோடு பலகையை விட்டு வெளியே போனது. அக்கா வாயால் சொல்லிப் பார்த்தார், தள்ளி நின்று காற்றில் எழுதிக் காட்டினார், தன் பலகையில் எழுதி நீட்டினார். எழுதத் தெரியாத விரலுக்குக் கையைப் பிடித்துத்தான் எழுதவைக்க முடியும், வேறு வழியே கிடையாது. அக்கா திரும்பி சாரைப் பார்த்தார். சார் விளக்குக் கண்ணாடியைக் கழற்றி, திரியைக் கத்தரித்து, ஊதி, மறுபடி மாட்டி என்று ஒரு திரிக்கு எவ்வளவு நேரம் எடுக்க முடியுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா அப்பத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "பெரியாத்தா, கையக் கொடுங்க" என்றார். அப்பத்தா கொடுக்கவில்லை, எடுக்கவும் இல்லை. பலகை மேலேயே கை கிடந்தது. அக்கா அதன்மேல் தன் கையை வைத்து, மேலிருந்து கீழே இழுத்து, வலப்பக்கம் திருப்பினார். தாழ்வாரம் முழுக்கப் பெண்கள் எழுதுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். காலனிப் பெண்கள்தான் முதலில் குனிந்துகொண்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா வாசல் தொட்டியில் கையைக் கழுவினாள். மறுநாளும் போனாள். மறுநாளும் கழுவினாள். கை கழுவுவதும் எழுதுவதுமாக 'ட', 'ப', 'ம' எல்லாம் ஆகி, தன் பெயரின் முதல் எழுத்து வந்த பிறகு எப்போதோ கழுவுவது நின்றுபோனது. எந்த நாளில் என்று வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. திண்ணையில் அக்காவை உட்காரச் சொன்னாளா என்றால், இல்லை. அக்காவும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் எல்லாம் மாறிவிட்டது மாதிரி ஆகிவிடும்.

காலனிப் பெண்கள் பலர் குவாரியில் ஜல்லி உடைப்பவர்கள். அவர்களுக்கு எழுத்தைவிடக் கணக்கில்தான் அவசரம். எத்தனை நடை ஏறியது, கூலி எவ்வளவு, போன வாரம் வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு பிடித்திருக்கிறான் என்று சார் பலகையில் அந்தக் கணக்கையே பாடமாகப் போட்டார். லாரித் தொட்டியின் நீள, அகல, உயரத்தைப் பெருக்கிக் கன அடி கண்டுபிடிக்கிற பாடத்தை நாங்கள் எட்டாவதில் படிப்பதற்கு முன்னாலேயே அவர்கள் படித்துவிட்டார்கள். மறுவாரம் குவாரியில் இரண்டு பெண்கள் நூல் கயிற்றால் லாரியை அளந்ததாகப் பேச்சு வந்தது. அந்தச் சமயத்தில்தான் மாவட்டத்தில் பல இடங்களில் குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் உரிமையை அரசு கல்லுடைக்கும் பெண்கள் குழுக்களுக்கே கொடுத்தது. எங்கள் ஊர்க் குழுவுக்கு அவர்களே கணக்கு எழுதினார்கள். குவாரி கைமாறிப் போன பிறகும் அந்த நோட்டை ஒரு பெரியம்மா பத்திரமாக வைத்திருந்தார், நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு சைக்கிள். அறிவொளிக்காரர்கள் படிப்போடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார்கள். வகுப்பு எடுக்கிற பெண்கள் ஊர் ஊராகப் போய்வர வேண்டும், யாரையும் எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்பதுதான் தொடக்கம். அது தீப்பற்றியதைப்போல மாவட்டம் முழுக்கப் பரவி, கற்றுக்கொண்ட பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். 1992 மகளிர் தினத்தை ஒட்டிப் புதுக்கோட்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிளுக்கு அவ்வளவு கிராக்கி, கிடைக்கவில்லை. எல்லாம் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிள்தான். அதுவே வசதி என்றும் கண்டுகொண்டார்கள், பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம், கேரியரில் தண்ணீர்க் குடம்.

எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சேலையைத் தூக்கிச் சொருகிய பெண்கள் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். வாடகை சைக்கிள் கடைக்காரருக்கு அப்படி ஒரு வியாபாரம் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்லை. சார் குடையோடு ஓரத்தில் நின்று, "நேராப் பாரு, கீழ பாக்காத, ஹேண்டில் பாரை இறுக்காத" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் அம்மா விழுந்த எரிச்சலில், "சார், நீங்க ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்களேன்" என்றாள். சார் மூக்குப்பொடி டப்பாவைத் தேடினார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சாரை நாங்கள் யாரும் சைக்கிளில் பார்த்ததே இல்லை. கீரனூருக்கு நடை, இல்லாவிட்டால் பஸ். "சின்ன வயசுல கண்மாய்க் கரையில விழுந்து பல்லு போச்சு, அதோட விட்டுட்டேன்" என்றார். பெண்கள் சிரித்த சிரிப்பில் மைதானத்துப் புறா பறந்தது. அதற்குப் பிறகு அவர் உத்தரவு போட்டால் யாராவது ஒருத்தி, "வாங்க சார், பழக்கி விடுறோம்" என்பாள்.

1994 மே மாதம் சார் ஓய்வு பெற்றார். அவர் கையில் படித்தவர்களின் பிள்ளைகளும் படித்து முடித்திருந்தார்கள். ஊர் கூடி, மேளதாளத்தோடு ஊர்வலமாக அழைத்துப் போய் மந்தையில் பொன்னாடை போர்த்துவது என்று முடிவு செய்தார்கள். சார் சரி என்றார். எந்தத் தெருவழியாக என்று கேட்டார். காலனியில் ஆரம்பித்து எல்லாத் தெருவும் சுற்றி மந்தைக்கு வருவதாக இருந்தால் வருகிறேன், மாலையை அவர்களும் போடட்டும் என்றார்.

கூட்டம் மூன்று இரவு நடந்தது. ஊர் மேளம் காலனிக்குள் போனதில்லை, காலனிக்காரர்கள் மாலையோடு எங்கள் தெருவழியாக வந்ததில்லை. சாருக்காக விட்டுக்கொடுத்தால் நாளைக்குத் திருவிழாவுக்குக் கேட்பார்கள் என்று ஒரு பக்கம், முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த மனுஷனை வெறுங்கையோடு அனுப்புவதா என்று ஒரு பக்கம். அப்பாவும் பெரியப்பாவும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்காமல் இருந்தார்கள். சாரிடம் போய், காலனியில் தனியாக ஒரு மாலை, ஊரில் தனியாக ஒரு மாலை என்று சமரசம் பேசினார்கள். "ரெண்டு மாலை போட எனக்கு ரெண்டு கழுத்தா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். மேளத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்கினார்கள்.

கடைசி நாள் சாயங்காலம், பள்ளிக்கூட வாசலில் சைக்கிள்கள் வந்து நின்றன. அறிவொளியில் பழகிய பெண்கள், இரண்டு பக்கத்திலிருந்தும். அம்மாவும் இருந்தாள். ஊர்வலத்துக்குத்தான் ஊர் உத்தரவு வேண்டும், சைக்கிளில் தெருவில் போவதற்கு யாரைக் கேட்பது? அவர்கள் இரண்டு வருஷமாகத் தினமும் அந்தத் தெருக்களில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா தன் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுக் கேரியரைத் துண்டால் துடைத்து, "ஏறுங்க சார்" என்றார். சார் குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். கொஞ்ச நேரம் நடந்தே வருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். பிறகு வேட்டியைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்து உட்கார்ந்தார்.

காலனியில் மாலை விழுந்தது. மாலையோடு எங்கள் தெருவுக்குள் வந்தார்கள். பெரியவர்கள் சிலர் உள்ளே போய்க்கொண்டார்கள், சிலர் எழுந்து நின்றார்கள். நான் சாவடிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன். அப்பத்தா திண்ணையிலிருந்து இறங்கித் தெரு நடுவில் வந்து நின்றுவிட்டதால் அக்கா பிரேக் அடிக்க வேண்டியதாயிற்று. "ஏண்டி, மனுசனக் கீழ போட்டுறாத. ஏற்கெனவே பல்லு இல்ல" என்றாள். அக்கா சிரித்துக்கொண்டே மறுபடி மிதிக்கத் தொடங்கினார். தபாலாபீஸ் முக்கில் செயின் கழன்றது. சார் இறங்கி நின்று, மாலையைச் சரிசெய்துகொண்டு, "நடந்தே வந்திருந்தா இந்நேரம் போய்ச் சேந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அக்கா குனிந்து செயினை மாட்டுவதற்கு வாகாகப் பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தார்.